எட்டு மணி நேரம் வந்த வழி

பண்டசோழநல்லூரில் கழனி வேலைக்கு மணிக்கணக்கு கிடையாது. நடவுக்கு ஆள் சொல்லும்போது "காலையிலேயே வந்துடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எப்போது கரையேறுவது என்பதை மீதியிருக்கும் நாற்றும் வெயிலும்தான் முடிவு செய்யும். அதே தெருவிலிருந்து திருபுவனைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைக்கு நிமிடக்கணக்கு. கேட்டில் விரல் வைத்தால் உள்ளே போன நேரம் ஏறிவிடும், மறுபடி வைத்தால் வெளியே வந்த நேரம். ஒரே வீட்டில் தாய்க்குப் பொழுது அளவு, மகனுக்கு ஷிப்டு அளவு.

எட்டு மணி நேரம் என்கிற அந்த ஷிப்டு எங்கிருந்து வந்தது? கேட்டால், கம்பெனி கொடுத்தது என்பார்கள், இல்லையென்றால் சட்டம் என்பார்கள். இரண்டுமே பாதி உண்மை. பண்டசோழநல்லூர் அடங்கிய நெட்டப்பாக்கம் கொம்யூனுக்கு அது வந்து சேர்ந்த வழியில் சிகாகோவின் தூக்குமேடை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் மரம் செதுக்கிப் பிழைத்து மந்திரியான ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியில் மில் கேட்டுக்கு முன்னால் விழுந்த பன்னிரண்டு உடல்கள் இருக்கின்றன.

பிறந்த கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், பலருக்கும் தெரிந்ததுதான். ஸ்காட்லாந்தில் ஆலை நடத்திய ராபர்ட் ஓவன், இருநூறு ஆண்டுக்கு முன் நாளை மூன்றாகப் பிரித்தார்: எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுது, எட்டு மணி உறக்கம். முதலாளி ஒருவர் வாயிலிருந்து வந்த யோசனை அது. மற்ற முதலாளிகள் காதில் வாங்கவில்லை. 1856 ஏப்ரலில் மெல்போர்னில் கல்தச்சர்கள் வேலையைப் போட்டுவிட்டு நடந்தார்கள், அவர்களுக்குக் கிடைத்தது. 1886 மே 1 அன்று அமெரிக்கா முழுவதும் வேலைநிறுத்தம். மூன்று நாள் கழித்துச் சிகாகோவில் குண்டு வெடித்தது. யார் எறிந்தது என்று நிரூபிக்காமலேயே அடுத்த ஆண்டு நவம்பர் 11இல் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். 1889இல் பாரிசில் கூடிய சோஷலிஸ்டுகள் மே முதல் நாளை உலகத்துக்கே பொதுவாக்கினார்கள். சென்னைக்கு அந்த நாள் வந்து சேர முப்பத்து நான்கு ஆண்டு ஆனது. 1923 மே 1 அன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையிலும், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் சிங்காரவேலர் ஏற்பாட்டில் கூட்டங்கள் நடந்தன.

ஒரு நாடு முழுவதற்குமாக இந்த எட்டு மணி சட்டமானதில் ஜெர்மனிக்கு முக்கிய இடம் உண்டு. முதல் உலகப்போரில் தோற்று, மன்னர் ஓடிப்போய், 1918 நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சியினர் ஆட்சியில் உட்கார்ந்தார்கள். நவம்பர் 15இல் முதலாளிகள் சார்பில் ஸ்டின்னஸும் தொழிற்சங்கங்கள் சார்பில் லேகியனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சங்கங்களை முதலாளிகள் அங்கீகரிப்பது, எட்டு மணி நேர வேலைநாள் இரண்டும் அதில் இருந்தன. 23ஆம் தேதி அரசாணை வந்தது. புரட்சி வந்து ஆலையையே பிடுங்கிக்கொள்ளுமோ என்ற பயத்தில் முதலாளிகள் போட்ட கையெழுத்து அது. பயம் தெளிந்ததும், 1923 டிசம்பரிலேயே, பத்து மணி வரை நீட்டிக்கொள்ள வழிசெய்யும் இன்னோர் ஆணையையும் வாங்கிவிட்டார்கள்.

இந்த ஐந்து ஆண்டு அனுபவத்தில் வளர்ந்தவர் வில்ஹெல்ம் லாய்ஷ்னர். 1890இல் பைராய்ட் நகரில் பிறந்தவர். மரச்சிற்ப வேலை கற்றவர். வேலை தேடி டார்ம்ஷ்டாட் வந்து அங்கேயே தங்கி, சங்கத்தில் சேர்ந்து, 1913இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, 1928இல் ஹெஸ்ஸன் மாநிலத்தின் உள்துறை மந்திரியானார். 1931இல் அவர் கைக்கு ஒரு காகிதக் கட்டு வந்தது. ஆட்சியைப் பிடித்தால் முதல் சில நாட்களில் என்னென்ன செய்வது என்று ஹெஸ்ஸன் நாஜிகள் எழுதிவைத்த திட்டம். எதிர்த்தால் சுடு, ஆயுதம் வைத்திருந்தால் சுடு, வேலைக்கு வராவிட்டால் சுடு என்ற ரீதியில் போகும் அந்தப் பாக்ஸ்ஹைம் ஆவணங்களை அவர் அந்த நவம்பரில் ஊரறியச் செய்தார். படித்தவர்கள் அதிர்ந்தார்கள், நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதிய வெர்னர் பெஸ்ட் பிற்பாடு நாஜி காவல் அமைப்பில் உயர்பதவிக்குப் போனார்.

இனி 1919க்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் நம் பெயர் முதன்முதலாக எழுதப்படும் இடம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு கூடியது. அதன் முதல் உடன்படிக்கையே வேலைநேரம் பற்றியது: நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு. இந்தியத் தொழிலாளர் சார்பில் என்.எம். ஜோஷி போயிருந்தார். ஆனால் உடன்படிக்கையின் பத்தாவது பிரிவைப் பார்த்தால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி ஏற்பாடு. அங்கே வாரத்துக்கு அறுபது மணி. ஜப்பானுக்கு ஐம்பத்தேழு. வெப்பம், பழக்கம், திறமைக் குறைவு என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணங்களை இங்கே எழுதி மையை வீணாக்க வேண்டியதில்லை. உலகத்துக்கு எட்டு, இந்தியனுக்குப் பத்து. 1921 ஜூலையில் இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. எட்டு மணியைத் தன் மண்ணில் முன்கூட்டியே சட்டமாக்கிய ஜெர்மனி அந்த முதல் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவே இல்லை.

இது பிரிட்டிஷ் இந்தியாவின் கதை. பண்டசோழநல்லூர் பிரிட்டிஷ் இந்தியா இல்லையே.

புதுச்சேரியின் கிராமங்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது வெளியூர்க்காரர்களுக்கு இன்றைக்கும் குழப்பம்தான். மடுகரையிலிருந்து சிறுவந்தாட்டுக்குப் போகிறவர் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார். அன்றைக்கு அது சாம்ராஜ்யம் விட்டு சாம்ராஜ்யம். ஒரு வரப்பைத் தாண்டினால் வெள்ளைக்காரன் மாறிவிடுவான். வரப்புக்கு இந்தப்புறம் பிரெஞ்சுக் குடியரசு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓட்டுரிமை, பாரிஸ் பாராளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி. பிரிட்டிஷ் பக்கத்தில் இருந்தவர்கள் கனவுகூடக் காணாதது. ஆனால் ஓட்டு வந்த கப்பலில் தொழிலாளர் சட்டம் வரவில்லை. பிரான்சில் தொழிற்சங்கம் வைக்கும் உரிமை 1884இல் சட்டமானது. எட்டு மணி நேரம் 1919 ஏப்ரலில். இரண்டும் புதுச்சேரிக்குப் பொருந்தாது. ஓட்டுப் போடலாம், சங்கம் வைக்கக் கூடாது. அந்த ஓட்டும் தேர்தலுக்குத் தேர்தல் அடியாட்கள் கையில் பட்ட பாடு தனிக்கதை.

சங்கம் வைக்க ஆட்கள் நிறைய இருந்தார்கள். நகரத்தில் மூன்று பஞ்சாலைகள்: சவானா, கெப்ளே, ரோடியர். பிற்பாடு சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறியவை இவைதான். சவானா 1820களின் கடைசியில் தொடங்கியது. புதுச்சேரியின் நீலச் சாயத் துணி மேற்கு ஆப்பிரிக்காவரை போய் செனெகலில் பணம்போலவே புழங்கிய காலம் உண்டு. விடியுமுன் உள்ளே போன ஆள் இருட்டிய பிறகு வெளியே வருவார். பெண்களுக்கு இரவு வேலை உண்டு, சிறுவர்களும் உண்டு. பிரிட்டிஷ் பக்கத்தில் 1934இல் பத்து மணி என்று சட்டம் வந்தபோது, குடியரசின் பக்கத்தில் அதுகூட இல்லை.

1911 பிப்ரவரி 7இல் புதுச்சேரியில் பிறந்த வ. சுப்பையா இந்த இடத்தில் வருகிறார். இளைஞர் சங்கம், அரிசன சேவா சங்கம் என்று தொடங்கியவர். 1934 பிப்ரவரியில் காந்தி புதுச்சேரி வந்த ஏற்பாட்டில் அவர் பங்கு பெரியது. அதே ஆண்டில் 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சவானா மில்லில் வேலைநிறுத்தம். நீண்டு போன அந்தப் போராட்டத்தின் முடிவில் வேலைநேரம் குறைந்தது, பெண்களுக்கு இரவு ஷிப்டு போனது. ஆனால் காகிதத்தில் சட்டம் ஏதுமில்லாமல், முதலாளி ஒப்புக்கொண்டதனால் மட்டும் வந்த சலுகை அது.

அந்த நாட்களில் ஜெர்மனியில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வரலாம். அதைப் பார்க்காமல் புதுச்சேரியில் வாங்கியதன் மதிப்பு முழுதாகப் புரியாது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். தொழிலாளர் நாற்பது ஆண்டுக்கு மேல் கேட்டும் நிரந்தரமாகக் கிடைக்காத ஒன்றை ஏப்ரலில் தானாகக் கொடுத்தார்: மே 1 சம்பளத்துடன் விடுமுறை. பெர்லின் டெம்பல்ஹோஃப் மைதானத்தில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். சமூக ஜனநாயகச் சங்கங்களின் தலைமையே தன் உறுப்பினர்களை அந்த விழாவுக்குப் போகச் சொன்னது. அப்படிப் பணிந்துபோனால் சங்கத்தையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தார்கள். மறுநாள், மே 2 காலை, நாஜிப் படைகள் நாடு முழுவதும் சங்கக் கட்டடங்களுக்குள் நுழைந்து பூட்டுப் போட்டன. கஜானா போனது, தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அதற்குள் சங்கக் கூட்டமைப்பின் தலைமைக்கு வந்திருந்த லாய்ஷ்னரும் பிடிபட்டார். முதல் நாள் விடுமுறை கொடுத்து மறுநாள் சங்கத்தை எடுத்துக்கொண்டார்கள். உலகத்தில் எந்த ஆட்சியாளர் தொழிலாளிக்கு எதையேனும் பரிசாக நீட்டினாலும் இந்த இரண்டு நாட்களை நினைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

லாய்ஷ்னரைச் சில நாளில் வெளியே விட்டதற்குக் காரணம் இருந்தது. ஜூனில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. அந்த அமைப்பின் ஆட்சிக்குழுவில் அவர் உறுப்பினர். வெளிநாட்டுச் சங்கத்தார் அவரை மதித்தார்கள். நாஜிகள் புதிதாக அமைத்த 'தொழிலாளர் முன்னணி'யின் தலைவர் ரோபர்ட் லை அவரையும் கூட்டிக்கொண்டு போனார். இவர் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் போதும், புதிய ஆட்சிக்கு உலகத்தின் முன் மரியாதை வந்துவிடும். லாய்ஷ்னர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பேசவே இல்லை. லை தன் பங்குக்குத் தென்னமெரிக்கப் பிரதிநிதிகளை இழிவாகப் பேசி மாநாட்டையே பகைத்துக்கொண்டார். ஜெர்மன் குழு பாதியில் கிளம்ப வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில், ஜெர்மன் எல்லைக்குள் ஃப்ரைபுர்க்கில், லாய்ஷ்னரை மறுபடி பிடித்தார்கள். ஓராண்டு வதைமுகாம். ஜெனீவாவிலேயே தங்கியிருக்கலாம். குடும்பமும் தோழர்களும் உள்ளே இருக்கும்போது அவருக்கு மனம் வரவில்லை.

1934 ஜூனில் வெளியே வந்தவர் பெர்லினில் ஒரு சின்னத் தொழிற்கூடம் வைத்தார். மதுக்கடைக் குழாய்களுக்கான உலோகப் பாகங்கள் செய்கிற இடம். ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டிய வியாபாரம். போன இடத்திலெல்லாம் பழைய சங்கத்தாரைப் பார்க்கலாம். பத்து ஆண்டு அந்த வலை அறுபடாமல் இருந்தது.

புதுச்சேரிக்கு வருவோம். 1936 ஜூனில் பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சி. சோஷலிஸ்ட் லெயோன் ப்ளூம் பிரதமர், அதே கட்சியின் மரியூஸ் மூத்தே குடியேற்ற நாடுகளின் மந்திரி. பதவியேற்ற சில வாரத்துக்குள் பிரெஞ்சுத் தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி, சம்பளத்துடன் விடுப்பு. அந்தச் செய்தி புதுச்சேரிக்கும் வந்தது. பாரிசில் நாற்பது என்றால் முதலியார்பேட்டையில் எழுபதா என்று கேட்க யாருக்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஜூலையில் மில்களில் வேலை நின்றது. தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்தார்கள்.

ஜூலை 30 அன்று சவானா மில் வாசலில் பிரெஞ்சுக் காலனி அரசின் படை சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். ஆலையின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. பிரான்சின் சோஷலிஸ்ட் அரசு தன் தொழிலாளிக்கு நாற்பது மணி கொடுத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அதே அரசின் பெயரால் நடந்தது இது. பாரிசிலிருந்து யாரும் சுடச் சொல்லவில்லை என்று ப்ளூமின் ஆதரவாளர்கள் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். பன்னிரண்டு பேருக்கு அதில் வித்தியாசம் ஒன்றுமில்லை.

பிறகு வேகமாக நடந்தது. சுடப்பட்ட செய்தி பாரிஸ் வரை போனது. நேருவின் யோசனைப்படி சுப்பையா 1937இல் பாரிசுக்கே போனார். ஏப்ரல் 6ஆம் தேதி ஆணை பிறந்தது. பிரெஞ்சிந்தியாவில் தொழிற்சங்கம் வைக்கும் உரிமை, எட்டு மணி நேர வேலைநாள். 1884க்கும் 1937க்கும் ஐம்பத்து மூன்று ஆண்டு. 1919க்கும் 1937க்கும் பதினெட்டு. கப்பல் அவ்வளவு மெதுவாக வந்தது.

ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் கிடைத்தது புதுச்சேரியில்தான் என்று இங்கே மேடைதோறும் சொல்வார்கள். அதே ஆண்டுகளில் இந்தோசீனாவிலும் வேலைநேரத்தைப் படிப்படியாக எட்டுக்கு இறக்கினார்கள். ஆகையால் அந்த முதலிடப் பட்டத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆணையில் இரண்டும் சேர்ந்து வந்ததுதான். நேரம் மட்டும் வந்திருந்தால் கெப்ளே மில் மேஸ்திரி ஒரு மாதத்தில் அதைச் சாப்பிட்டிருப்பார். சங்கமும் கூட வந்ததால், எட்டாவது மணிக்குச் சங்கு ஊதாவிட்டால் ஏன் ஊதவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. நாஜிகள் செய்ததற்கு நேர் எதிர்.

ஆனால் நகரத்தில் மட்டும். நெட்டப்பாக்கம், ஏம்பலம், கரியமாணிக்கம் பக்கத்துக் கழனிக்கு 1937இன் ஆணையில் எதுவும் இல்லை. கிராமத்திலிருந்து மில்லுக்குப் போனவருக்கு மட்டும் அன்றைக்குக் கடிகாரம் மாறியது. அவர் வீட்டில் நாற்று நட்ட பெண்ணுக்கு மாறவில்லை. அன்று விட்டுப்போனது இன்றுவரை விட்டேபோயிருக்கிறது.

போர் வந்ததும் இந்தக் கதையின் ஆட்கள் ஒவ்வொருவராக நாஜிகளுக்கு எதிரே வந்து நிற்கிறார்கள். 1940 ஜூலை 10இல் பிரெஞ்சுப் பாராளுமன்றம் மார்ஷல் பெத்தானிடம் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எண்பதே பேர். ப்ளூமும் மூத்தேயும் அவர்களில் இருவர். ப்ளூம் கடைசியில் புகன்வால்ட் வதைமுகாமின் எல்லைக்குள் அடைபட்டார். 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் தலைமையில் புதுச்சேரி தெகோலின் பக்கம் சேர்ந்தது. சுப்பையா பிரிட்டிஷ் சிறையும் நாடுகடத்தலும் பார்த்துத் திரும்பி, பிரான்சின் எதிர்ப்பு இயக்கமான 'கோம்பா'வின் பெயரிலேயே புதுச்சேரியில் அமைந்த அமைப்பில் சேர்ந்து வேலை செய்தார்.

ஒருவர் திரும்பி வரவில்லை. மாகேயில் 1914இல் பிறந்த மிச்சிலோட் மாதவன். புதுச்சேரியில் படித்தவர், அரிசன சேவா சங்கத்தில் சுப்பையா வட்டத்தோடு வேலை செய்தவர். மேல்படிப்புக்குப் பாரிஸ் போனார், அங்கே கம்யூனிஸ்ட் ஆனார், எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1942 மார்ச்சில் பிரெஞ்சுப் போலீஸே பிடித்து ஜெர்மானியரிடம் கொடுத்தது. செப்டம்பர் 17இல் பாரிசின் ரெக்ஸ் திரையரங்கில் ஜெர்மன் சிப்பாய்கள் மேல் குண்டு வீசப்பட்டது. அதற்குப் பழிவாங்க, நான்கு நாள் கழித்து மோன் வலேரியான் கோட்டையில் பிணைக்கைதிகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். அந்த வரிசையில் மாதவன் இருந்தார். வயது இருபத்தெட்டு. இன்றைய புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பிள்ளை ஒருவரை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லாய்ஷ்னர் பெர்லினில் இன்னும் குழாய்ப் பாகங்கள் விற்றுக்கொண்டிருந்தார். ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்ட ராணுவ அதிகாரிகளோடும், அவர்களோடு சேர்ந்திருந்த அரசியல்வாதி கேர்டலரோடும் அவருக்குத் தொடர்பு. ஹிட்லர் போன பின் அமையும் அரசில் துணைத் தலைமை அமைச்சராக அவர் பெயர் இருந்தது. 1944 ஜூலை 20 குண்டு வெடித்தது, ஹிட்லர் பிழைத்தார். ஆகஸ்ட் 16இல் லாய்ஷ்னர் பிடிபட்டார். செப்டம்பர் 8இல் மக்கள் நீதிமன்றம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒன்று மரண தண்டனை விதித்தது. 29ஆம் தேதி ப்ளொட்ஸன்ஸே சிறையில் தூக்கு. கடைசியாகக் கூட இருந்தவர்களிடம் அவர் வற்புறுத்திய ஒரே விஷயம், தொழிலாளர் ஒன்றுபட வேண்டும் என்பது. வெறும் வாய்ப்பேச்சு அல்ல அது. ஜெர்மனியில் கம்யூனிஸ்ட்டுகள் சமூக ஜனநாயகக்காரர்களை 'சமூகப் பாசிஸ்ட்' என்று திட்டிக்கொண்டிருந்தபோதுதான் உண்மையான பாசிஸ்ட்டுகள் உள்ளே வந்தார்கள். சோஷலிஸ்ட்டும் கம்யூனிஸ்ட்டும் அடித்துக்கொள்வதைப் புதுச்சேரியும் பார்த்தது. 1950இல் சுப்பையாவின் வீடு கொளுத்தப்பட்ட வரை அது போனது.

ஹிட்லர் ஆட்சியில் எட்டு மணி நேரம் என்ன ஆனது? 1938 ஏப்ரலில் வந்த நாஜிச் சட்டத்திலும் எட்டு என்றுதான் எழுதியிருந்தது. கூடவே நீட்டிக்கொள்ளவும் வழி. கேட்கச் சங்கம் கிடையாது. 1944 ஆகஸ்ட் இறுதியில், லாய்ஷ்னர் விசாரணைக்குக் காத்திருந்த நாட்களில், நாஜி மந்திரி கெப்பல்ஸ் வாரத்துக்கு அறுபது மணி என்று அறிவித்தார். 1919இல் வாஷிங்டனில் இந்தியக் கூலிக்கு எழுதிவைத்த அதே அறுபது, கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மன் தொழிலாளியின் தலையில் இறங்கியது.

போருக்குப் பின் நம் பக்கம் நகர்ந்தது. அம்பேத்கர் வைஸ்ராயின் அவையில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தின் கடைசியில், 1946இல், தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வாரம் நாற்பத்தெட்டு மணி ஆனது. பதினான்கு மணியை எட்டாக்கினார் என்று இப்போது கைபேசியில் சுற்றும் செய்தி அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக் கணக்கைத் தவறவிடுகிறது. அப்போது சட்டப்படி இருந்தது ஐம்பத்து நான்கு மணி வாரம், பத்து மணி நாள். ஐம்பத்து நான்கை நாற்பத்தெட்டாக்கியதே போதுமான பெருமை, மிகைப்படுத்தத் தேவையில்லை. 1948இன் தொழிற்சாலைச் சட்டமும் அதையே எடுத்துக்கொண்டது: வாரம் நாற்பத்தெட்டு, ஒரு நாளில் அதிகபட்சம் ஒன்பது.

1954 மார்ச் 31இல் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஏற்றியவர்களோடு இருந்தவர் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் எதுவார் குபேர். அதுவரை பிரான்சின் பக்கம் நின்றவர். அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய நூற்று எழுபத்தெட்டு பிரதிநிதிகளில் நூற்று எழுபது பேர் இந்தியாவோடு சேர ஓட்டளித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1963இல் இந்தியச் சட்டங்கள் பல ஒரே மூச்சில் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. 1937இல் நாளுக்கு எட்டு என்று வாங்கிய ஊருக்கு, சுதந்திர நாட்டின் சட்டம் ஒன்பது வரை போகலாம் என்றது. விடுதலையில் மகிழ்ந்தவர்கள் அந்த ஒரு மணியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று ஷிப்டு ஓடிய மில்களில் சங்கம் பலமாக இருந்ததும் காரணமாக இருக்கலாம்.

மில்கள் இப்போது இல்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் ஏ.எஃப்.டி.யைச் சிதைத்தது, 2020 ஏப்ரலோடு அது முறைப்படி மூடப்பட்டது. அதே ஆண்டில் சுதேசியும் பாரதியும் மூடின. சுப்பையா 1993இல் மறைந்தார். ரயில் நிலையத்தை ஒட்டிப் போகும் சாலைக்கு அவர் பெயர். ஜூலை 30இல் தியாகிகள் தினம் தவறாமல் நடக்கிறது.

எட்டு மணி நேரத்துக்கு ஆயுள் கெட்டி, ஆனாலும் அவ்வப்போது அதன்மேல் கத்தி வைத்துப் பார்ப்பார்கள். 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நாளுக்குப் பன்னிரண்டு மணி வரை அனுமதிக்க வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. ஆளும் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, சங்கங்கள் எழுந்தன, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்து நாளில் பின்வாங்கியது நல்லதே, கொண்டுவந்ததுதான் தவறு. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் சாதாரண வேலைநாள் எட்டு மணி என்று எழுதியிருக்கிறது. எண்பத்தெட்டு ஆண்டு கழித்துப் புதுச்சேரியின் பழைய எண் திரும்பியிருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்குள், இடைவேளையோடு சேர்த்து நாளை எவ்வளவு நீட்டலாம் என்பதை அரசுகளின் அறிவிப்புக்கு விட்டிருப்பதையும், மின்சாரத்தில் இயங்கும் பட்டறை இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் தொழிற்சாலைக் கணக்கிலேயே வராது என்பதையும் படிக்க வேண்டியிருக்கிறது. முன்பு பத்துப் பேர் இருந்தாலே வந்தது.

பண்டசோழநல்லூர்ப் பக்கத்திலிருந்து இன்று வேலைக்குப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் காண்டிராக்ட் ஆட்கள். சங்கம் கிடையாது, பெரும்பாலும் நியமனக் கடிதம்கூடக் கிடையாது. "ஓ.டி. பாத்தா நாலு காசு வரும்" என்று தாய்மாரே சொல்லி அனுப்புகிறார்கள், வறுமை பேசுகிறது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். மிகைநேரம் பார்க்க ஆளின் சம்மதம் வேண்டும். அந்த நேரத்துக்குச் சாதாரணக் கூலியைப்போல் இரட்டிப்பு தர வேண்டும். பழைய சட்டத்திலும் இரட்டிப்புதான், புதிய தொகுப்பிலும் அதுதான். இந்த மாதம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற நேரம் அதில் தனி வரியாக இருக்கிறதா, இரட்டிப்பாக இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். இல்லை என்றால் தொழிலாளர் துறைக்கு எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.